கடமான் வேட்டைக்கு நடந்துபோய்ப் போடும் முகாம்: எடையை எங்கே குறைப்பது?

காட்டுவழி | மே 6, இரவு 9:40

எல்லோருக்கும் வணக்கம். மெல்பர்னில் இருக்கிறேன், சொந்த ஊர் தேனிப் பக்கம். மூன்று வருடமாகக் கடமான் வேட்டைக்குப் போகிறேன். இதுவரை எல்லாம் வண்டி முகாம்தான். விக்டோரியா மாநில மலைப்பகுதியில் உள்ள ஜேமிசனுக்கு மேலே ஆற்றோரம் வண்டியை நிறுத்தி, பெரிய கூடாரம் போட்டு, காலையும் மாலையும் பக்கத்து மலைச்சரிவுகளில் ஏறி இறங்குவோம். வண்டி போகும் இடத்துக்கெல்லாம் ஆட்களும் வந்துவிடுகிறார்கள். ஈஸ்டர் வாரத்தில் ஒரே முகட்டில் வேறு மூன்று பேரைப் பார்த்தேன்.

ஜூன் நடுவில் பல மலைப்பாதைகளின் கேட்டைப் பூட்டிவிடுவார்கள். அக்டோபர் கடைசி வரை வண்டி போகாது, நடந்து போகலாம். அந்தக் காலத்தில் முகாமை முதுகில் சுமந்துகொண்டு உள்ளே போய் மூன்று இரவு தங்க வேண்டும் என்று ஆசை. இங்கே உள்ளவர்கள் ஃபிளை கேம்ப் என்பார்களே, அதுதான்.

ஏப்ரல் கடைசியில் ஓர் ஒத்திகை பார்த்தேன். பை மட்டும் 24 கிலோ, துப்பாக்கி தனி. ஏழு கிலோமீட்டர் நடக்க ஐந்து மணி நேரம் ஆனது. ஓடைக்கரையில் மெத்தைபோல் புல் இருந்த சமதரையில் கூடாரம் போட்டேன். இரவு மூன்று மணிக்கு விழிப்பு வந்தபோது கூடாரத்தின் உள்பக்கம் முழுக்க மூச்சின் ஈரம் உறைந்து வெள்ளையாகப் படிந்திருந்தது. கை பட்டதும் முகத்தில் உதிர்ந்தது. தூக்கப்பையின் கால்பக்கம் சொதசொதவென்று நனைந்துவிட்டது. விடியும்வரை உட்கார்ந்தே இருந்தேன். காலையில் வேட்டையாடத் தெம்பில்லை, கட்டிக்கொண்டு திரும்பிவிட்டேன்.

மூன்று இரவுக்கு எவ்வளவு எடை நியாயம்? கூடாரமா தார்ப்பாயா? ஒரு மான் கிடைத்துவிட்டால் தனி ஆளாக எப்படி வெளியே கொண்டுவருவது? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.


மரைக்காடன் | மே 6, இரவு 11:15

தம்பி, பாரத்தைப் பிறகு பார்ப்போம். முதலில் நீர் படுத்த இடம் பிழை. அதே கூடாரம், அதே தூக்கப்பையோடு இருபது மீட்டர் மேலே படுத்திருந்தால் விடியும்வரை உட்கார்ந்திருக்க வேண்டி வந்திராது.

தெளிந்த வானம் உள்ள இரவில் குளிர்காற்றுக்குப் பாரம் கூடும். அது தண்ணீர்போலச் சரிவில் வழிந்து பள்ளத்தில் தேங்கும். ஆற்றோரப் புல்வெளி பார்க்க வடிவாக இருக்கும், ஆனால் அந்தப் பள்ளத்தாக்கின் முழுக் குளிரும் வந்து நிற்கிற கிண்ணம் அதுதான். ஓடையின் ஈரமும் சேர்ந்தால் நீர் கண்டதுதான் நடக்கும்.

முகட்டு உச்சியும் வேண்டாம். தென்மேற்கிலிருந்து வருகிற குளிர்காற்று அலை அங்கே நேரே அறையும். இரண்டு மலைக்கு நடுவில் உள்ள கணவாயும் வேண்டாம், அங்கே காற்று ஒடுங்கி வேகமாக வரும், மரைகள் (நீர் சொல்கிற கடமான்கள்) கடக்கிற வழியும் அதுதான். நான் தேடுவது, இறங்கி வருகிற கிளைமுகட்டில் தரை கொஞ்சம் தட்டையாகிற படி. ஓடையிலிருந்து இருபது முப்பது மீட்டர் உயரம் காணும். ஒரு ஆள் நீட்டிப் படுக்க இடம் இருந்தால் போதும். தண்ணீரைச் சுமந்து ஏற வேண்டும், அதுதான் அதற்குக் கொடுக்கிற விலை.

அடுத்தது, படுக்க இடம் பார்க்கிறபோது தரையைப் பார்க்க முதல் மேலே பாரும். 2003, 2006-07, 2019-20 காட்டுத்தீக்களில் எரிந்த ஆல்பைன் ஆஷ் மரங்கள் இன்னும் எத்தனையோ இடத்தில் வெள்ளை எலும்புபோல நிற்கின்றன. காற்றே இல்லாத இரவில்கூட விழும். உயிருள்ள யூகலிப்டஸ் மரமும் கொப்பை முறித்துப் போடும். பட்ட மரம் ஒன்று நின்றால், அதன் உயரத்துக்கு மேல் தள்ளித்தான் படுக்க வேண்டும். ஒருமுறை நான் கூடாரம் போட்ட இடத்தை மனதுக்குச் சரிப்படாமல் மாற்றினேன். விடிய எழும்பிப் பார்த்தால், முதலில் போட்ட இடத்தில் என் தொடை மொத்தத்தில் ஒரு கொப்பு குத்திட்டு நின்றது. அன்றிலிருந்து இந்த விசயத்தில் நான் யாரோடும் சமரசம் செய்வதில்லை.

காற்றைப் பற்றி நாளைக்கு எழுதுகிறேன். அதுதான் பெரிய கதை.


சுமைதாங்கி | மே 7, காலை 7:05

எடையைப் பற்றி நான் சொல்கிறேன், தராசு வைத்து எடுத்த கணக்கு.

என் தார்ப்பாய் சில்நைலான், 2.7 மீட்டருக்கு 2.7 மீட்டர், 450 கிராம். முளையும் கயிறும் 120. அடியில் விரிக்கும் மெல்லிய தாள் 150. தூக்கப்பை இறகு நிரப்பியது, 1,050 கிராம். ஊதும் பாய் 500. அடுப்பு, ஒரு பாத்திரம், 230 கிராம் எரிவாயு உள்ள உருளை எல்லாம் சேர்த்து 630. மழைச்சட்டை 350, இறகுச்சட்டை 350, மாற்று உள்ளாடையும் காலுறையும் 400. முதலுதவி, பாம்புக்கடிக்கு 10 சென்டிமீட்டர் அகல எலாஸ்டிக் கட்டு இரண்டு, எல்லாம் 300. ஆபத்தில் உதவி கேட்டுச் சமிக்ஞை அனுப்பும் அவசர அலைபரப்பி 150. தலைவிளக்கும் மாற்று பேட்டரியும் 120. கத்தி, இறைச்சிப் பைகள், கயிறு 500. இரண்டு லிட்டர் தண்ணீரும் வடிகட்டியும் 2,100. மூன்றரை நாள் சாப்பாடு 2,450. மண் தோண்டும் கரண்டி, வரைபடம் போன்ற சில்லறை 200. பை 2,300.

கூட்டினால் 12 கிலோவுக்குச் சற்று மேலே. தொலைநோக்கியும் துப்பாக்கியும் தோட்டாவும் ஐந்து கிலோ. மொத்தம் 17. இதற்கு மேல் போனால் எதையோ பயத்தில் எடுத்து வைத்திருக்கிறீர்கள் என்று பொருள்.

இதில் பையைக் கவனியுங்கள். 900 கிராமிலும் நடைப்பயணப் பை கிடைக்கும். ஆனால் அதற்குள் பாரம் தாங்கும் சட்டம் (ஃபிரேம்) கிடையாது. 30 கிலோ இறைச்சி வைத்தால் இடுப்பில் நிற்காது, தோளில் தொங்கும். நாம் உள்ளே போவதற்கு மட்டும் பை வாங்கவில்லை, வெளியே வருவதற்கும் சேர்த்துத்தான் வாங்குகிறோம். சட்டத்துக்கும் மூட்டைக்கும் நடுவில் இறைச்சியை வைத்துக் கட்டும் வசதி உள்ள பைதான் வேண்டும். அந்த ஒன்றரைக் கிலோ அதிகப்படியை நான் ஒருநாளும் வருந்தியதில்லை.

பாயும் அப்படித்தான். பலர் தூக்கப்பைக்குப் பணத்தைக் கொட்டிவிட்டு, கீழே மலிவான பாயைப் போடுகிறார்கள். படுத்ததும் உங்கள் எடையில் அடிப்பக்க இறகு நசுங்கிவிடும், அங்கே காப்பு எதுவும் மிஞ்சாது. குளிர் தரையிலிருந்துதான் ஏறும். தரைக்குளிரைத் தடுக்கும் திறனைச் சொல்லும் ஆர் மதிப்பு 4.5க்குக் குறைந்த பாயோடு ஜூலையில் மலைக்குப் போகாதீர்கள். தூக்கப்பையில் 'லிமிட்' என்று எழுதிய எண்ணை நம்ப வேண்டாம், 'கம்ஃபர்ட்' எண்ணைப் பாருங்கள். அது மைனஸ் 5 என்றால் நிம்மதி.

எதைக் குறைக்கலாம்? நாற்காலி, இரண்டாவது கத்தி, கோடாரி, மாற்றுக் கால்சட்டை, டப்பாவில் அடைத்த எதுவும், பெரிய விளக்கு. மூன்று நாளுக்கு ஒரே கால்சட்டை போதும்.


கோத்தகிரி_செல்வி | மே 7, மதியம் 1:20

சுமைதாங்கி அண்ணா சொன்ன கணக்கில் எனக்கு ஒரு மாற்றுக் கருத்து. புதிதாகப் போகிறவருக்குத் தார்ப்பாயைச் சொல்லாதீர்கள்.

தார்ப்பாய் நன்றாக இருக்கும், கட்டத் தெரிந்தவருக்கு. காற்று திரும்பும்போது இருட்டில் எழுந்து ஒரு பக்கத்தைத் தாழ்த்திக் கட்டத் தெரிய வேண்டும். முடிச்சு விரல் மரத்த நிலையிலும் வர வேண்டும். இரண்டு வருடத்துக்கு முன் ஆகஸ்டில், 1,400 மீட்டர் உயரத்தில், நானும் கணவரும் தார்ப்பாயில் இருந்தோம். மாலையில் வடமேற்கிலிருந்து அடித்த காற்று நள்ளிரவில் தென்மேற்காகத் திரும்பியது. திறந்த பக்கம் முழுக்க ஆலங்கட்டியும் ஈரப்பனியும். இறகுத் தூக்கப்பை நனைந்தால் ஈரத்துணி மூட்டைதான், சூடு தராது. இரண்டு பேரும் ஒரே பைக்குள் உட்கார்ந்து, அடுப்பில் வெந்நீர் வைத்துக் குடித்துக்கொண்டே விடியவிட்டோம்.

இப்போது எங்களிடம் இருப்பது தரையில்லாத கூம்புக் கூடாரம். நடைக்கோல் ஒன்றை நடுவில் நிறுத்தினால் நின்றுவிடும், முளையோடு 800 கிராம். எல்லாப் பக்கமும் மூடியிருக்கும், மேலே காற்றுப்போக்கி இருப்பதால் உறைபனியும் குறைவு. ஈரக் காலணியோடு உள்ளே வந்து உட்கார்ந்து சமைக்கலாம், வாசலைக் கொஞ்சம் திறந்து வைத்துக்கொள்ள வேண்டும், மூடிய கூடாரத்தில் அடுப்பு எரித்தால் கார்பன் மோனாக்சைடு கொல்லும். முளையோடு சேர்த்த தார்ப்பாயைவிட 230 கிராம் கூடுதல், அவ்வளவுதான். இருவர் போனால் தலைக்கு 400 கிராம்.

அப்புறம் இரத்தம் உறிஞ்சும் அட்டைப்பூச்சி. ஈரப் பள்ளங்களில் கூடாரத்துக்குத் தரை இல்லையென்றால் வரத்தான் செய்யும். முழங்காலுக்குக் கீழே கெய்ட்டர் (காலை மூடும் உறை) போட்டுக்கொண்டு, படியில் காய்ந்த இடமாகப் பார்த்தால் பெரும்பாலும் தொல்லை இல்லை.

எரிவாயு உருளை பற்றி ஒரு வார்த்தை. சாதாரண பியூட்டேன் பூஜ்யம் டிகிரி அருகிலேயே ஆவியாவதை நிறுத்திவிடும். ஐசோபியூட்டேனும் புரோப்பேனும் கலந்த உருளையாகப் பார்த்து வாங்குங்கள். இரவில் அதையும் தண்ணீர் வடிகட்டியையும் தூக்கப்பைக்குள் கால்மாட்டில் போட்டுக்கொள்ளுங்கள். வடிகட்டியின் குழல்கள் ஒருமுறை உறைந்தால் உள்ளே விரிசல் விடும், வெளியே பார்த்தால் தெரியாது.


மரைக்காடன் | மே 7, இரவு 10:30

செல்வி பிள்ளை சொன்னது சரி. நான் தார்ப்பாய்க்காரன்தான், ஆனால் முதல் குளிர்காலத்துக்கு மூடிய கூடாரமே நல்லது.

இப்ப காற்று. முகாமைப் பற்றி நான் சொல்ல நினைப்பதில் இதுதான் முக்கியமானது. மரைக்குக் கண்ணைவிட மூக்குத்தான் பெரிய காவல். நீர் கட்டுகிற முகாம் மூன்று நாளும் இரவு பகலாக மணத்தை விட்டுக்கொண்டே இருக்கும்: புகை, வியர்வை, சாப்பாடு, மனிதன். அந்த மணம் எங்கே போகிறது என்று தெரியாமல் கூடாரம் போட்டால், 5,000 டாலர் துவக்கோடு (துப்பாக்கியோடு) போனாலும் வெறும் மரத்தைத்தான் பார்த்துக்கொண்டிருப்பீர்.

பின்னேரம் வெயில் சரிவை விட்டு விலகியதும் காற்று கீழே இறங்கத் தொடங்கும். இரவு முழுக்க இறங்கும். காலையில் சரிவில் வெயில் பட்டு ஒரு மணித்தியாலம் சென்றபிறகுதான் மேலே ஏறத் தொடங்கும். அப்ப நீர் வேட்டையாடப் போகிற பள்ளத்துக்கு மேலே முகாம் இருந்தால், இரவு பூராவும் உமது மணம் அந்தப் பள்ளத்துக்குள் வடிந்து நிரம்பும். காலையில் இறங்கிப் போகிறபோது அங்கே ஒன்றும் இருக்காது. புதுச் சுவடு இருக்கும், அவ்வளவுதான்.

குளிர்காலத்தில் மரைகள் வடக்கு, கிழக்கு பார்த்த சரிவுகளில் காலை வெயிலுக்கு நிற்கும். இந்த நாட்டில் சூரியன் வடக்கே சாய்ந்து போகிறது என்பதை ஊரிலிருந்து வந்த எங்களுக்கு மனதில் பதிய நாள் எடுக்கும். உமக்கும் அதே சரிவில் படுக்கத்தான் ஆசை வரும், ஏனென்றால் அங்கேதான் உறைபனி முதலில் உருகும். அதை அதுகளுக்கு விட்டுவிடும். வேட்டையாடுகிற பள்ளம் ஒன்று, படுக்கிற பள்ளம் இன்னொன்று. நடுவில் ஒரு கிளைமுகடு இருக்க வேண்டும். விடியப்புறம் இருட்டோடு எழும்பி, நாற்பது நிமிடம் நடந்து, முகட்டைக் கடந்து, வெளிச்சம் வருகிறபோது எதிர்ச்சரிவைத் தொலைநோக்கியால் பார்க்கிற இடத்தில் இருக்க வேண்டும்.

வரைபடத்தில் இதை வீட்டிலேயே செய்யலாம். நான் முதலில் மரை நிற்கிற சரிவைக் குறிப்பேன், பிறகு அதைப் பார்க்கிற இடத்தை, பிறகு அதிலிருந்து காற்றும் முகடும் மறைக்கிற படியை, கடைசியாகத் தண்ணீரை. தண்ணீரை முதலில் வைத்து முகாமைத் தேடுகிறவர்கள் எல்லாரும் ஆற்றோரத்தில்தான் போய் நிற்பார்கள்.

முகாமில் விறகு முறிக்கிற சத்தம், பாத்திரம் தட்டுகிற சத்தம் இரண்டும் வேண்டாம். மூன்று நாளும் அடுப்பில் சமைத்தால் நெருப்பே தேவையில்லை. மூட்டத்தான் வேண்டுமென்றால் சட்டத்தைத் தெரிந்துகொண்டு மூட்டும்: சுற்றிலும் மூன்று மீட்டர் துப்புரவாக்கி, 30 சென்டிமீட்டர் ஆழக் குழியில், ஒரு மீட்டருக்கு மேல் பரவாமல், 50 மீட்டருக்குள் கண்ணில் படுகிற தூரத்தில் ஆள் இருக்க வேண்டும். மண்ணால் மூடக் கூடாது, உள்ளே கனன்றுகொண்டே இருக்கும். தண்ணீர் ஊற்றி, கையால் தொட்டுப் பார்த்து, சூடு இல்லையென்றால் மட்டும் வெளிக்கிட வேண்டும்.


பொதிகைக்_காற்று | மே 8, காலை 10:12

நான் கோயம்புத்தூரிலிருந்து எழுதுகிறேன். வனத்துறைக் கணக்கெடுப்புகளுக்குத் தன்னார்வலராகப் போகிறவன். உங்கள் இழையைப் படிக்கையில் மனது கொஞ்சம் சங்கடப்பட்டது, மறைக்காமல் சொல்கிறேன். முதுமலையில் கடமானைப் பார்த்தால் வண்டியை நிறுத்தி மூச்சடக்கி உட்கார்ந்திருப்போம். புலிக்கும் செந்நாய்க்கும் அது முக்கிய இரை. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி இங்கே அதைத் தொட முடியாது. உலக அளவில் அழியும் ஆபத்துக்கு இலக்காகக்கூடிய இனம் என்று பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் (ஐயுசிஎன்) பட்டியலில் இருக்கிறது. அதே விலங்கை நீங்கள் அங்கே சுடுகிறீர்கள். எப்படி என்று புரிந்துகொள்ளவே கேட்கிறேன்.


சுமைதாங்கி | மே 8, மாலை 6:48

கேட்டது நல்லதுதான். நானும் களக்காட்டு மலையடிவாரத்தில் வளர்ந்தவன். எங்கள் ஊரில் இதை மிளா என்போம். அங்கே இருந்தவரை அதைச் சுடலாம் என்ற நினைப்பே எனக்கு வந்ததில்லை, இன்றைக்கும் அங்கே சுடக்கூடாது என்பதில் மாற்றமில்லை.

இங்கே கதை வேறு. 1860களில் அயல்நாட்டு விலங்குகளை விக்டோரியாவில் குடியேற்ற முனைந்தவர்கள் இந்தியாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் மிளாவைக் கொண்டுவந்து விட்டார்கள். இங்கே புலி இல்லை, செந்நாய் இல்லை. டிங்கோ என்ற காட்டுநாய் மிளாக் குட்டிகளைப் பிடிக்கும், வளர்ந்த ஆண் மிளாவை ஒன்றும் செய்யாது. ஆஸ்திரேலியாவில் குளம்புள்ள விலங்கே இயற்கையாக இருந்ததில்லை, அதனால் மலையுச்சியின் ஈரச்சதுப்புப் பாசியும் இளங்கன்றுகளும் அந்த மிதிக்குப் பழகியவை அல்ல. மிளாவால் தாவரங்களுக்கு வரும் சேதத்தை மாநிலச் சட்டத்திலேயே ஓர் அச்சுறுத்தலாகப் பட்டியலிட்டிருக்கிறார்கள். விக்டோரியாவில் வேட்டைக்காரர்கள் வருடத்துக்கு ஒரு லட்சத்துக்கும் மேல் மான்களை எடுக்கிறார்கள், அப்படியும் அவை பரவிக்கொண்டுதான் இருக்கின்றன.

அதனால் வேட்டை சரி என்று எல்லோரும் ஒத்துக்கொள்ள வேண்டும் என்றில்லை. என் வீட்டில் என் அம்மாவே ஒத்துக்கொள்ளவில்லை. நான் எடுப்பதை முழுதாகச் சாப்பிடுகிறேன், வீணாக்குவதில்லை. அதனால்தான் இந்த இழையில் இறைச்சியை வெளியே கொண்டுவருவதைப் பற்றி இவ்வளவு பேசுகிறோம்.


பொதிகைக்_காற்று | மே 8, இரவு 9:30

விளக்கத்துக்கு நன்றி அண்ணா. டிங்கோவைத் தவிர வேட்டையாடும் விலங்கே இல்லாத காட்டில் அது எப்படிப் பெருகும் என்பதை யோசிக்க முடிகிறது. தொடர்ந்து படிக்கிறேன்.


காட்டுவழி | மே 9, இரவு 8:55

அனைவருக்கும் நன்றி. மரைக்காடன் ஐயா சொன்னபடி வரைபடத்தை விரித்து மூன்று இடம் குறித்திருக்கிறேன். கேட்டிலிருந்து ஒன்று 4 கிலோமீட்டர், ஒன்று 7, ஒன்று 11. பதினொன்றாவது கிலோமீட்டரில் இருப்பதுதான் பார்க்க மிக நன்றாக இருக்கிறது, அங்கே யாருமே போகமாட்டார்கள் என்று நினைக்கிறேன். பையைப் பதினேழு கிலோவுக்குள் கொண்டுவந்துவிட்டால் போகலாம் அல்லவா?


மரைக்காடன் | மே 9, இரவு 11:02

போகலாம். திரும்பி வருகிறதை யோசித்தீரா?

ஒரு நடுத்தரப் பெட்டை மரையை எலும்பு நீக்கினால் நாற்பது கிலோவுக்குக் குறையாது. பெரிய கிடாய் என்றால் எழுபது தாண்டும், கொம்பும் தலையும் வேறு. தனி ஆள் செங்குத்தான மலையில் ஒருமுறைக்கு 25 கிலோ, சரியாகப் பழகினவர் 30. அப்ப பெட்டைக்கு இரண்டு நடை. முகாமுக்கு மூன்றாவது நடை. 4 கிலோமீட்டர் என்றால் வெளியே மூன்று தரம், உள்ளே இரண்டு தரம், மொத்தம் 20 கிலோமீட்டர். ஒன்றரை நாளில் முடிக்கலாம். 11 கிலோமீட்டர் என்றால் 55. ஐந்து தடவை ஆற்றைக் கடந்து, 55 கிலோமீட்டர். உமக்கு எத்தனை நாள் லீவு?

நான் ஒருமுறை இந்தப் பிழையைச் செய்திருக்கிறேன். அப்ப எனக்கு 38 வயது, உடம்பில் பலம் இருந்தது. 9 கிலோமீட்டர் உள்ளே, ஏப்ரல் மாதம், பகலில் 22 டிகிரி. பெரிய கிடாய். பின்தொடையை எலும்போடு மரத்தில் தொங்கவிட்டுவிட்டு முதல் பாரத்தோடு வெளிக்கிட்டேன். அடுத்த நாள் பின்னேரம் திரும்பி வந்து வெட்டிப் பார்த்தால், இடுப்பெலும்புப் பொருத்தைச் சுற்றிச் சதை பச்சை பாய்ந்து மணத்துவிட்டது. வெளித்தசை ஆறியிருந்தது, எலும்பைச் சுற்றின சூடு வெளியேறவில்லை. கால்வாசி இறைச்சியை அங்கேயே விட்டேன். அந்த மிருகத்தின் முன்னால் நின்று நான் வெட்கப்பட்டது இன்றைக்கும் நினைவிருக்கிறது. அதற்குப் பிறகு இரண்டு விசயத்தைப் பழக்கமாக்கினேன். எலும்பை உடனே எடுத்துவிடுவேன். தனியப் போனால் முகாமும் வேட்டையும் சேர்த்து வண்டியிலிருந்து 5 கிலோமீட்டரைத் தாண்டமாட்டேன். என்னுடைய துவக்கு 300 மீட்டருக்குச் சுடும், ஆனால் கிடாய் பள்ளத்தின் அடியில் நின்றால் நான் சுடுவதில்லை. ஏனென்றால் அதை மேலே தூக்கப் போவது நான்.

பாரத்தைக் குறைத்ததால் கிடைத்த பலத்தைத் தூரத்தில் செலவழிக்க வேண்டாம். அதைத் திரும்பி வருகிற நடைக்கு வைத்துக்கொள்ளும். குளிர்காலத்தில் கேட் பூட்டியபிறகு 4 கிலோமீட்டரிலேயே ஆள் அரவம் அற்றுப்போகும்.


கோத்தகிரி_செல்வி | மே 10, காலை 6:30

ஐயா சொன்னதோடு நான் வெட்டும் முறையையும் சொல்லிவிடுகிறேன், முகாமில் என்ன எடுத்துப் போவது என்பதை அது தீர்மானிக்கிறது.

வயிற்றைத் திறப்பதில்லை. மானை ஒரு பக்கமாகச் சாய்த்து, முதுகுத்தண்டு நெடுகத் தோலைக் கீறி, மேல்பக்கத் தோலை வயிறுவரை உரித்து விரிப்பேன். அந்தத் தோலே இறைச்சி வைக்கும் விரிப்பு, மண் ஒட்டாது. முன்சப்பைக்கு எலும்புப் பொருத்தே கிடையாது, சதைதான் பிடித்திருக்கும், தூக்கிப் பிடித்துக் கத்தியை உள்ளே விட்டால் கழன்றுவிடும். பின்தொடையை இடுப்புக் கிண்ணத்தில் கழற்ற வேண்டும். அப்புறம் முதுகுச் சதை நீளமாக ஒரே துண்டு, கழுத்து, விலாவின் இடைச்சதை. முதுகுத்தண்டின் உள்பக்கச் சதையைக் கடைசி விலாவுக்குப் பின்னால் கைவிட்டு எடுக்கலாம். புரட்டிப் போட்டு மறுபக்கம். ஒன்றரை மணி நேரம்.

இறைச்சிப் பைக்கு நான் பயன்படுத்துவது பழைய பருத்தித் தலையணை உறைகள். ஒன்று 120 கிராம், ஆறு எடுத்துப் போவேன். ஈ புகாது, காற்று புகும். பிளாஸ்டிக் உறையில் போட்டால் சூட்டில் வியர்த்து அழுகிவிடும். முகாமுக்குள் தொங்கவிடாதீர்கள். நூறு மீட்டர் தள்ளி, தெற்குப் பார்த்த நிழலில், நரிக்கும் நாய்க்கும் எட்டாத உயரத்தில். ஜூலையில் இரவு உறைநிலைக்குப் போகும் இடத்தில் இரண்டு மூன்று நாள் தாங்கும்.

இன்னொன்று. கொம்பையோ தோலையோ சுமந்து வரும்போது அதன்மேல் ஆரஞ்சுத் துணியைச் சுற்றிக் கட்டுங்கள். நீங்களும் ஆரஞ்சுத் தொப்பி போடுங்கள். மானின் கண்ணுக்கு அந்த நிறம் பளிச்சென்று தெரியாது, மனிதன் கண்ணுக்கு அரைக் கிலோமீட்டரில் தெரியும்.

சாப்பாட்டுக்கு ஒரு யோசனை: அவல். சமைக்க எரிவாயு வேண்டாம், வெந்நீர் ஊற்றி ஐந்து நிமிடம் மூடினால் போதும். காலையில் தேங்காய்ப்பால் பொடியும் வெல்லமும், இரவில் வீட்டிலேயே வறுத்து வைத்த புளிக்காய்ச்சலும் வேர்க்கடலையும். நூறு கிராம் வேர்க்கடலையில் 570 கலோரி, நெய்யில் 900. சின்னக் குப்பியில் நெய் கொண்டுபோய் எல்லாவற்றிலும் ஊற்றுங்கள். பகலுக்குப் பொரிவிளங்காய் உருண்டை. பயணத்துக்கென்றே நம் பாட்டிமார் செய்துவைத்தது, காகித உறைகூடத் தேவையில்லை.


மரைக்காடன் | மே 10, இரவு 9:44

எங்கட ஆச்சி பயத்தம் உருண்டை செய்து தருவா, அதுவும் அப்படித்தான், ஒரு மாதம் வைத்தாலும் கெடாது.

இங்கே ஒரே மிருகத்துக்கு கடமான், மிளா, மரை என்று மூன்று பேர் புழங்குகிறது. மூன்றும் ஒன்றுதான், புதிதாக வாசிக்கிறவர்கள் குழம்ப வேண்டாம்.

தம்பி, வெளிக்கிட முதல் சட்ட விசயங்களைச் சரிபாரும். கேம் லைசென்ஸ் மான் வேட்டைக்குச் செல்லுபடியாக இருக்க வேண்டும். துவக்கின் குழல் அளவு .270 அங்குலத்துக்குக் குறையக்கூடாது, குண்டின் எடை 130 கிரெயினுக்குக் குறையக்கூடாது. சூரியன் மறைந்து அரை மணித்தியாலத்துக்குப் பிறகு, உதிக்க அரை மணித்தியாலத்துக்கு முன்பு வரை வேட்டை இல்லை. அரசுக் காட்டில் வருடம் முழுக்க போகலாம், ஆல்பைன் தேசியப் பூங்காவில் குறித்த பகுதிகளில் மட்டும், அதுவும் பிப்ரவரி 15 முதல் டிசம்பர் 15 வரை. வரைபடத்தில் கோடு எங்கே போகிறது என்று பாரும், ஒரே முகட்டின் இரண்டு பக்கமும் வேறு வேறு சட்டம் இருக்கும்.

அலைபரப்பியைப் பதிந்துவிட்டீரா? பதிவு இலவசம். கைத்தொலைபேசி அங்கே வேலை செய்யாது. அதைப் பைக்குள் வைக்க வேண்டாம், உடம்பில் கட்டும். பையை வைத்துவிட்டு இறங்கின இடத்தில்தான் கால் முறியும். போகிற பள்ளம், முகாமிடம், திரும்புகிற நேரம் மூன்றையும் வீட்டில் எழுதிக் கொடுத்துவிட்டுப் போக வேண்டும்.


காட்டுவழி | ஜூன் 30, இரவு 8:10

நேற்று மாலை திரும்பினேன். எல்லோருக்கும் நன்றி சொல்லத்தான் முதலில் வந்தேன்.

பை 12.9 கிலோ, துப்பாக்கியோடு 17.6. கூம்புக் கூடாரம். நான்கு கிலோமீட்டர் இடத்தைத்தான் தேர்ந்தெடுத்தேன். கேட்டைத் தாண்டி இரண்டாவது வளைவுக்குப் பிறகு மனிதக் காலடி எதுவும் இல்லை. ஓடைக்கு முப்பது மீட்டர் மேலே படி கிடைத்தது, கூடாரமும் ஒரு கைப்பிடி இடமும்தான். முதலில் பார்த்த படி இன்னும் வசதி, ஆனால் அண்ணாந்து பார்த்தபோது பட்ட மரம் ஒன்று அதன்மேல் சாய்ந்து நின்றது, விட்டுவிட்டேன். முதல் இரவு தெளிந்த வானம். காலையில் கீழே ஓடைக்கரைப் புல் முழுக்க வெள்ளை, என் கூடாரத்தில் ஈரம் மட்டும். ஆறு மணி நேரம் தொடர்ந்து தூங்கினேன்.

முதல் நாள் காலை முகட்டைக் கடக்கும்போது அவசரப்பட்டுவிட்டேன். கீழே ஒரு பெண் மான் ஹாங்க் என்று உரக்கக் குரல் கொடுத்து, முன்காலைத் தரையில் அறைந்து, வாலைத் தூக்கிக்கொண்டு போய்விட்டது. அந்த ஒலி பள்ளம் முழுக்கத் திரும்பத் திரும்பக் கேட்டது. அன்று மாலை அந்தப் பக்கமே போகவில்லை. இரண்டாம் நாள் மழை, கூடாரத்தில் இருந்தேன்.

மூன்றாம் நாள் காலை 8:20க்கு எதிர்ச்சரிவில் வெயில் விழுந்த இடத்தில் இளம் பெண் மான் ஒன்று வாட்டில் புதருக்கு வெளியே வந்து நின்றது. ரோமத்திலிருந்து ஆவி எழும்புவதுகூடத் தொலைநோக்கியில் தெரிந்தது. 140 மீட்டர். ஒரே குண்டு, நின்ற இடத்திலேயே விழுந்தது. பக்கத்தில் போய் உட்கார்ந்து கொஞ்ச நேரம் கையை அதன் கழுத்தில் வைத்திருந்தேன்.

செல்வி அக்கா சொன்ன முறையில் வெட்ட எனக்கு இரண்டே முக்கால் மணி நேரம் ஆனது. எலும்பு நீக்கி 34 கிலோ. முதல் நடையில் 20 கிலோ, மாலை நான்கு மணிக்கு வண்டியில் ஐஸ் பெட்டிக்குள் வைத்துவிட்டேன். மீதி 14 கிலோவை ஒரு தெற்குச் சரிவில் கட்டிவிட்டிருந்தேன். மறுநாள் காலை அதையும் முகாமையும் ஒரே நடையில் எடுத்துவிடலாம் என்று 30 கிலோவைத் தூக்கினேன். ஓடை கடக்கும் இடத்தில் கால் இரண்டுமுறை வழுக்கியது. அங்கேயே இறக்கி, இரண்டாகப் பிரித்து நடந்தேன். சட்டம் உள்ள பை இல்லாமல் இருந்திருந்தால் முதல் நடையே முடிந்திருக்காது, சுமைதாங்கி அண்ணா.

இறைச்சி ஒரு துண்டுகூட வீணாகவில்லை. பதினொன்றாவது கிலோமீட்டர் இடத்தை வரைபடத்திலிருந்து அழித்துவிட்டேன்.

ஒரு கேள்வி: பின்காலின் கீழ்ச்சதையை என்ன செய்வது? நரம்பு அதிகமாக இருக்கிறது.


மரைக்காடன் | ஜூன் 30, இரவு 10:20

தம்பி, வாசிக்கச் சந்தோசமாக இருக்கிறது. பாரத்தை இறக்கிப் பிரித்தீரே, அது எனக்குத் துவக்குச் சூட்டைவிடப் பெரிய செய்தி.

கீழ்ச்சதையை எறிய வேண்டாம். நரம்போடேயே பெரிய துண்டாக வெட்டி, வறுத்த கறித்தூள் போட்டு, கனத்த சட்டியில் நான்கு மணித்தியாலம் ஆறுதலாக அவிய விடும். அந்த நரம்பு முழுக்கக் கரைந்து குழம்பு தடிக்கும். கடைசியில் கொஞ்சம் பழப்புளி. இடியப்பத்தோடு சாப்பிடும்.